கண்வரை உயரம்

சமையலறை ஜன்னல் விளிம்பில் மூன்று சிவப்புத் தபால் வண்டிகள் நின்றன. மூன்றும் ஒரே வகை வண்டி. அளவுதான் வேறு. பெரியது உள்ளங்கை நீளம் இருந்தது, சிறியது நடுவிரல் நீளம். அவற்றுக்கு முன்னால் ரூத் நின்றாள். வெள்ளீயத்தில் வார்த்தது, இன்னும் வண்ணம் பூசவில்லை. தலையில் தொப்பி, கையில் கடிதக் கட்டு, ஜனவரிக் குளிரிலும் அவள் விடாமல் போட்ட அரைக்கால் சட்டை.

ஜோயல் நின்றுகொண்டே ரொட்டி தின்றான். பிப்ரவரியிலிருந்து அவன் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை. நாற்காலியை இழுக்கிற வேலை மிச்சம்.

ரூத் அவன் மனைவி. இங்கிலாந்தில் பீஸ்டன் ஊர்த் தெருக்களில் வண்டியோட்டிக் கடிதம் போடுகிறவள். முப்பத்தோரு வயது. பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மூச்சு முட்டுகிறது என்றாள். வெள்ளிக்கிழமை அவள் இல்லை. நுரையீரலில் ரத்தக்கட்டி என்றார்கள். ஜோயல் சரி என்றான்.

இருவரும் ஞாயிறுதோறும் தேவாலயக் கூடத்துக்குப் போவார்கள். அங்கே பதினைந்து பேர் சேர்ந்து போர் விளையாடுவார்கள். எட்டடி மேசையில் ஓர் ஊரை விரித்து, விரலில் பாதி உயரமுள்ள வீரர்களை நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை. பெரும்பாலும் 1940ஆம் வருஷம். ஜெர்மானியர்கள் அன்று கடல் தாண்டி இங்கிலாந்துக்குள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் விளையாட்டு.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் யாராவது இறந்தால் அவரைப் போலவே ஓர் உருவம் செய்து மேசையில் நிறுத்துவார்கள். எந்தக் காலத்துச் சண்டை நடந்தாலும் அவர் தன் சொந்த உடையில் ஊருக்குள் நிற்பார். யாரும் அவரைச் சுடக் கூடாது, நகர்த்தக் கூடாது. தவறி அவர் மேல் பகடை விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும். இப்படி நான்கு பேர் ஏற்கெனவே நின்றார்கள். ரெஜ் தன் நாயோடு, பார்பரா தன் சைக்கிளோடு, இன்னும் இருவர். அக்டோபர் கடைசி ஞாயிறு, குளிர்காலம் வருகிறதென்று, நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள் அல்லவா, அந்தக் கூடுதல் மணி இறந்தவர்களுக்குரியது. அன்றுதான் புதிதாக இறந்தவர் மேசைக்கு வருவார். உருவத்தைக் குழு செய்து தரும். அதோடு நிற்க வேண்டிய பொருளை வீட்டார் கொண்டுவர வேண்டும்.

ரூத்துடன் நிற்க வேண்டியது அவளுடைய வண்டி. அதை எந்த அளவில் வாங்குவது என்பதில்தான் ஜோயல் ஆறு வாரமாக மாட்டிக்கொண்டிருந்தான்.

முதலில் வாங்கியது பெரிய வண்டி. உருவத்தை அளந்தான், முப்பத்தெட்டு மில்லிமீட்டர் வந்தது, சராசரிப் பெண்ணின் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டான், நிஜத்தில் நாற்பத்துமூன்றில் ஒரு பங்கு என்று வந்தது. அந்த ஞாயிறு பெட்டியைப் பிரித்ததுமே கிளைவ் சிரித்துவிட்டார். அவர் பேருந்து ஓட்டுநர், குழுவின் தலைவர்.

"டேய், காலுக்குக் கீழ இருக்கிற அடித்தட்டையும் சேத்தா அளந்தே?"

"ஆமா."

"தொப்பியையும்?"

"ஆமா."

கிளைவ் கூடத்தின் பக்கம் திரும்பினார். "எல்லாரும் கேட்டுக்குங்க. மாநகராட்சி வரைபட ஆபீஸ் ஐயா அடித்தட்டோட அளந்திருக்காரு. நம்ம ஊர்ல தெருவெல்லாம் ஏன் கோணலா இருக்குன்னு இப்பப் புரியுதா?"

ஜோயலுக்கு அந்த ஆபீஸில்தான் வேலை. கூடமே சிரித்தது. பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. சிரிப்பு சட்டென்று நின்றது. சிரித்தது ஜோயலுக்கு உறைக்கவில்லை. நின்றதுதான் உறைத்தது.

உருவத்தைச் செய்த பெர்னார்ட் எழுந்து வந்தார். கனத்த உடம்பு, பட்டறையில் வார்ப்பு வேலை, விரல் நுனியெல்லாம் சுட்ட தழும்பு. "இங்க பாருப்பா, காலடியிலேர்ந்து கண் வரைக்கும் இருபத்தெட்டு மில்லி. அவ்வளவுதான் அளவு. தொப்பி, கொண்டை, இரும்புக் குல்லா எதுவும் கணக்குல வராது. ஒவ்வொருத்தன் தலைல ஒவ்வொண்ணு இருக்கும், கண்ணு எல்லாருக்கும் ஒரே இடத்துலதானே. அம்பத்தாறுல ஒண்ணு வாங்கு. யோசிக்காம வாங்கு. மேசைல இருக்கிற லாரி, கார் எல்லாம் அம்பத்தாறுதான்."

அவரிடமே அந்த அளவில் ஒரு வண்டி இருந்தது. பிளாஸ்டிக்கில் முப்பரிமாண அச்சில் எடுத்தது. ரூத்தை அதன் பக்கத்தில் நிறுத்தினார்.

ஜோயல் குனிந்து பார்த்தான். ரூத்தின் கண் வண்டிக் கூரைக்கு ஒரு விரற்கடைகூடக் கீழே இல்லை. கூரைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு அரட்டை அடிக்கிற ஆள்போல நின்றாள்.

"இவ்வளவு உயரம் கிடையாது அவ."

"எனக்கு எல்லாரும் இருபத்தெட்டுதான். தேவதூதனே வந்து நின்னாலும் இருபத்தெட்டு," என்றார் பெர்னார்ட். "சரி, எவ்வளவு உயரம்? சொல்லு. மூணு மில்லி எடுக்கணும்னா எடுத்துரலாம். அரைக்கால் சட்டை விளிம்புல ரம்பத்தை வெச்சா ஒட்டு தெரியாது."

"காலை வெட்டறதா?"

"ஈயம்தானேப்பா."

"வேண்டாம்."

"எல்லாரும் செய்யறதுதான். பத்து நிமிஷ வேலை."

"வேண்டாம்னு சொன்னேன்ல."

பெர்னார்ட் கையைத் தூக்கினார். "சரி சரி. உயரம் எவ்வளவு? அதையாவது சொல்லு."

ஜோயல் ரூத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். அவனுக்குத் தெரியாது.

இந்தக் கேள்வியை ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருந்தார்கள். பிப்ரவரியில், சவ அடக்கம் நடத்துகிறவர்கள் தந்த படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. உயரம். கடவுச்சீட்டில் இல்லை, ஓட்டுநர் உரிமத்தில் இல்லை. அவன் ஐந்தடி நான்கு அங்குலம் என்று எழுதினான். ஏன் அப்படி எழுதினான் என்று பின்னால் எவ்வளவோ யோசித்துப் பார்த்தான். அவன் மனதில் இருந்த ரூத் அந்த உயரம்தான். வீட்டில் அவள் மாடிப்படியின் முதல் படியில் ஏறி நின்றுதான் முத்தம் கொடுப்பாள், அந்த உயரம் மனதில் தங்கிவிட்டதோ என்னவோ. அடக்கத்துக்கு முதல் நாள் பார்க்கப் போனான். பெட்டிக்குள் படுத்திருந்தாள். போர்வை கால்மாட்டில் லேசாக மடங்கியிருந்தது. சரிசெய்யக் கை வைத்தான். கை உள்ளே போனது. கால் இருக்க வேண்டிய இடத்தில் மடித்த துணிதான் இருந்தது. அவளுக்குப் பெட்டி பெரிது.

"இது சகஜம்தாங்க," என்றார் அங்கிருந்தவர்.

ஏழு வருஷம் கூட இருந்தவனுக்கு அவள் அளவு தெரியவில்லை. அன்றைக்கு அவன் அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டான். இனி அவளை எங்கே வைத்தாலும் அளவு தப்பக் கூடாது. அதைக்கூடச் செய்ய முடியாவிட்டால் அந்த வீட்டில் அவளோடு இருந்தது யார் என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிடும் போலிருந்தது.

சனிக்கிழமை மதியம் தபால் கிடங்குக்குப் போனான். ரூத்தோடு வேலை பார்த்த ஜேனிஸ் வாசலில் புகை பிடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது, உரத்த குரல். அவனைக் கண்டதும் சிகரெட்டை மிதித்து அணைத்தாள்.

"வா கண்ணு. சாப்பிட்டியா? பாத்தா சாப்பிட்ட மாதிரி தெரியலையே. உன்னைத் துவைச்சுக் கொடில போட்டாப்ல இருக்கே."

"ரூத் ஓட்டின வண்டி இருக்கா?"

அவள் ஏன் என்று கேட்கவில்லை. பின்புறம் அழைத்துப் போனாள். பதினாறு வண்டிகள் வரிசையாக நின்றன. கடைசியிலிருந்து மூன்றாவது. ஜோயல் கதவைத் திறந்தான். இருக்கை பின்னால் போயிருந்தது.

"புதுப் பையன் நெட்டைக்கொக்கு," என்றாள் ஜேனிஸ். "முதல் நாளே பின்னால தள்ளிட்டான். அதுக்கே அவன் அரை நாள் மல்லுக்கட்டினான் பாவம். ரூத் சீட்டைக் கடைசிப் பல்லு வரைக்கும் முன்னால இழுத்து வெச்சது அப்படியே துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத்தான் ஓட்டுவா உன் பொண்டாட்டி. வெளிலேர்ந்து பாத்தா தொப்பி மட்டும் தனியா வண்டி ஓட்டிக்கிட்டுப் போறாப்ல இருக்கும்."

ஜோயலுக்கு இது தெரியாது. இருவரும் போகும்போது காரை ஓட்டுவது எப்போதும் அவன்தான்.

"அவ எவ்வளவு உயரம் ஜேனிஸ்?"

கேலி செய்ய வாயெடுத்தவள் செய்யவில்லை.

"அடிக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. கட்டிப்பிடிச்சா என் தாடை அவ உச்சந்தலைல உக்காரும். இடிக்காது, இடைவெளியும் விடாது. கிறிஸ்துமஸ் சமயத்துல மூட்டை மூட்டையா வரும் பாரு, அப்ப ரெண்டு பேரும் அப்படியே நின்னுக்கிட்டுத் தூங்குவோம்."

ஜோயல் சட்டைப்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தான். ஜேனிஸ் வண்டியில் முதுகைச் சாய்த்து விறைப்பாக நின்றாள். தரையிலிருந்து அவள் தாடைவரை அளந்தான். நூற்றைம்பத்திரண்டு சென்டிமீட்டர். ஐந்தடி.

"அஞ்சடியா?" என்றாள் ஜேனிஸ், தாடையை இறக்காமலே. "அவ்வளவுதானா? அவ போட்ட சத்தத்துக்கு ஆறடின்னு நெனச்சேன்."

பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னொரு சிகரெட் எடுத்தாள். பற்றவைக்க மூன்று தீக்குச்சி ஆயிற்று.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டான். ஐந்தடி ஆளுக்குக் கண் நூற்றுநாற்பது சென்டிமீட்டரில் இருக்கும். பெர்னார்டின் ரூத்துக்குக் கண் இருபத்தெட்டு மில்லிமீட்டரில். வகுத்தால் ஐம்பது. ஆக ஐம்பதில் ஒன்று. அந்த அளவில் ஒரு வண்டி வரவழைத்தான். புதன்கிழமை வந்தது. பக்கத்தில் ரூத்தை நிறுத்தினான். அவள் கண் ஓட்டுநர் ஜன்னலின் நடுவே வந்தது. தொப்பி மட்டும் ஓட்டிப்போகிற வண்டியாக அதை நினைத்துப் பார்க்க முடிந்தது. பெர்னார்டிடமிருந்து ஐம்பத்தாறு அளவு வண்டியையும் ஒப்பிட்டுப் பார்க்க வாங்கி வந்திருந்தான். மூன்றையும் ஜன்னலில் வைத்துவிட்டு, நடுவில் இருந்ததை எடுத்துக்கொண்டான். ரூத்துக்கு வண்ணம் பூசினான். முழங்காலில் இருந்த தழும்புகூட நினைவு வந்தது. அதையும் வைத்தான்.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு மேசையில் வைத்துப் பார்த்தார்கள்.

கிளைவ் அஞ்சல் நிலையத்துக்கு முன்னால் இடம் ஒதுக்கியிருந்தார். ஜோயல் வண்டியை வைத்தான், ரூத்தை நிறுத்தினான். இரண்டடி பின்னால் வந்து பார்த்தான்.

அஞ்சல் நிலையக் கதவும் வண்டியும் ஒரே உயரம் இருந்தன. பக்கத்து ராணுவ லாரி சாப்பாடு காணாததுபோல இளைத்துக் கிடந்தது. அது போகட்டும். எதிரே ரெஜ் நின்றார். ரெஜ் நிஜத்தில் ஆறடி ஆள். ரூத்தின் கண்ணும் ரெஜ்ஜின் கண்ணும் நேருக்கு நேர் இருந்தன. வண்டியோடு பார்த்தால் அவள் ரூத். ஆட்களோடு பார்த்தால் யாரோ.

பெர்னார்ட் சிப்ஸ் வைத்த பன்னை மென்றுகொண்டே மேற்கூரையைப் பார்த்தார்.

"ஒண்ணு பண்ணலாம்," என்றார் கிளைவ். "முன் விளிம்புக்குக் கொண்டு வந்துரு. கிட்ட இருக்கிறது பெருசாத்தானே தெரியும். பாக்கிறவன் கண்ணு தானாச் சரி பண்ணிக்கும். ஆனா சுத்தி எதுவும் வைக்கக் கூடாது. வெச்சா குட்டு உடைஞ்சுரும்."

"எவ்வளவு தூரத்துக்கு?"

"ஒரு அடி விடணும்."

"ஆளும் கூடாதா?"

"ஆளு, வீடு, வேலி, எதுவும் கூடாது."

ஜோயல் வண்டியையும் ரூத்தையும் முன் விளிம்புக்கு நகர்த்தினான். கிளைவ் சொன்னது உண்மைதான். அளவு சரியாகிவிட்டது. வெறும் பச்சைத் துணிமேல், ஊரிலிருந்து ஒரு முழம் தள்ளி, கடிதக் கட்டோடு ரூத் நின்றாள். கொடுப்பதற்கு அங்கே வீடே இல்லை. இனி எந்த ஞாயிறும், எந்தச் சண்டையிலும், அவள் அங்கேதான். அளவு தப்பக் கூடாது என்றால் அவள் பக்கத்தில் யாரும் வரக் கூடாது.

அவன் அங்கே நின்றுகொண்டே இருந்தான். யாரோ தேநீர் வைத்தார்கள். ஆறிப்போனது.

"பெர்னார்ட்."

"சொல்லுப்பா."

"ரம்பம் கொண்டு வந்திருக்கீங்களா?"

பெர்னார்ட் பன்னைக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்தார். "நான் பண்ணித் தரேன். நீ வெளில போய் காத்து வாங்கிட்டு வா."

"நானே பண்றேன். எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

கூடத்தின் சமையலறையில் சின்னப் பிடிகருவியை மேசை விளிம்பில் மாட்டினார் பெர்னார்ட். ரூத்தின் இடுப்பில் துணி சுற்றி அதில் பொருத்தினார். ஜோயல் கண்வரை கணக்குப் பார்த்துவிட்டுத் தொடையில் இரண்டு கோடு கீறினான். மூன்று மில்லிமீட்டர். இருபத்தைந்தை ஐம்பத்தாறால் பெருக்கினால் நூற்றுநாற்பது சென்டிமீட்டர். ஐந்தடி. வண்டியும் சரி, ஆட்களும் சரி, மேசையும் சரி. முதல் நாளே பெர்னார்ட் சொன்னதுதான்.

"அமுக்காதே. ரம்பத்தை அதுபாட்டுக்குப் போக விடு," என்றார் பெர்னார்ட்.

ஜோயல் அவள் முகத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மூடிக்கொண்டான். இழுத்தான். ஈயம் எதிர்ப்பே காட்டவில்லை. வெண்ணெயாகக் கூட இல்லை, பழைய மெழுகுவர்த்தி போல இருந்தது. நான்கு வெட்டு. இரண்டு துண்டு விழுந்தன, மிளகு அளவில்.

பெர்னார்ட் வழக்கமாகச் செய்வதுபோல மேசைமேல் இருந்த தூளை உள்ளங்கையால் வழித்துக் குப்பைக்கூடையில் தட்டினார். தட்டிய பிறகுதான் அவர் கை நின்றது.

"ஐயோ. மன்னிச்சுக்கப்பா."

"பரவால்ல."

அழுகையாவது வரும் என்று ஜோயல் காத்திருந்தான். வரவில்லை. துளையிட்டு, கம்பி செருகி, ஒட்டினான். சட்டை விளிம்பில் நீல வண்ணத்தைத் தொட்டு வைத்தான். ஒட்டு தெரியவில்லை. அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

கடிகாரம் பின்னால் போன ஞாயிறு குழுவில் எல்லோரும் வந்திருந்தார்கள். கிளைவ் பெயர்களை வாசித்தார். நான்கு பெயர், பிறகு ரூத். ஜோயல் சின்ன வண்டியை அஞ்சல் நிலையத்தின் பக்கத்துச் சந்தில் வைத்தான். வண்டிக்கும் மதிலுக்கும் நடுவில் ரூத்தை நிறுத்தினான். பார்பராவின் கண்வரைதான் வந்தாள். ரெஜ்ஜை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

கிளைவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "இப்பத்தான்டா அவ. இந்த மேசைல என்னை ஏழு தடவை ஓட ஓட விரட்டின குள்ளச்சி."

யாரோ சிரித்தார்கள். இந்தமுறை சிரிப்பு நடுவில் நிற்கவில்லை.

"எந்தப் பக்கம் பாக்கணும்னு நீதான் திருப்பி வைக்கணும்," என்றார் கிளைவ். "அப்புறம் நாங்க யாரும் தொட மாட்டோம்."

மேசையில் ஒரு வீரனுக்கு எதிரி தெரிகிறானா என்று சந்தேகம் வந்தால் ஆடுகிறவர் மண்டியிட்டு, கன்னத்தை மேசையில் வைத்து, வீரனின் தலைக்குப் பின்னாலிருந்து பார்ப்பார். ஜோயலும் அப்படியே மண்டியிட்டான். கன்னத்தைப் பச்சைத் துணியில் வைத்தான். ஒரு கண்ணை மூடினான். தொப்பி, அதற்கு முன்னால் சாம்பல் நிறக் கல்.

"தெரியுதா?" என்றார் கிளைவ்.

"மதில்தான் தெரியுது."

இருபத்தெட்டு மில்லிமீட்டர் ஆட்கள் எட்டிப் பார்ப்பதற்காகக் கட்டிய மதில். எல்லோருக்கும் அதற்கு மேல் ஊர் தெரியும்.

"நான் வேணா மதிலை நகத்திரட்டுமா?" என்றார் பெர்னார்ட்.

"வேண்டாம். அவளுக்கு அப்படித்தான்."

அக்டோபர் சந்தையில், கால்பந்து மைதானத்தில், ஊர்வலத்தில், எங்கே போனாலும் ரூத்துக்கு முன்னால் யாருடைய முதுகாவது இருக்கும். அவன் சட்டையைப் பிடித்து இழுப்பாள். என்ன நடக்குது, சொல்லு. அவன் சொல்வான். ஒருத்தன் வர்றான். குதிரை வருது. அவ்வளவுதான் சொல்ல வரும் அவனுக்கு. ஒழுங்காச் சொல்லுடா, தந்தியா அடிக்கறே, என்று விலாவில் குத்துவாள். என்ன குதிரை, என்ன நிறம், மேல யாரு, சிரிக்கறானா, முழிக்கறானா.

ஜோயல் தலையை ஓர் அங்குலம் தூக்கினான். மதிலுக்கு மேல் ஊர் தெரிந்தது. மறுபடி கன்னத்தைத் துணியில் வைத்தான்.

"ஒரு பாலம் இருக்கு," என்றான் மெல்ல. "கல் பாலம். மேல ரெண்டு பேர் நிக்கிறாங்க."

தலையைத் தூக்கி இன்னொரு முறை எட்டிப் பார்த்தான்.

"ஒருத்தன் சிகரெட் பத்த வைக்கிறான். காத்து அடிக்குது போல, கையை வெச்சு மறைச்சுக்கிறான். இன்னொருத்தன் சின்னப் பையன். பதினெட்டு இருக்கும். பயந்துட்டான், ஆனா காட்டிக்கல. ஆத்துல தண்ணி பழுப்பா இருக்கு. இந்தாண்டை ஒரு அம்மா வாளியோட நிக்குது. மஞ்சள் உடுப்பு. இல்ல, மஞ்சள் இல்ல, வெளுத்துப்போச்சு. அந்தம்மா சண்டையைப் பாக்கல. வேற எதையோ பாக்குது. இரு, எதைன்னு பாத்துச் சொல்றேன்."

துணி கன்னத்தின் அடியில் ஈரமாகிக்கொண்டிருந்தது. கிளைவ் பகடையைக் கைக்குள்ளேயே வைத்திருந்தார், உருட்டவில்லை.

நிறுத்தினால் அப்புறம் என்ன என்று கேட்க ஆளில்லை. ஜோயல் நிறுத்தவில்லை.